தளிச்சேரியும் கரணமும்

ஆடலும் பாடலும் ஆடையணியும் உலகின்பத்தின்பாற் பட்டன. ஆதலின் அவை சிவவழிபாட்டிற்குப் புறம்பாம் என்று கூறுவாருளர். அக்கூற்றுப் பொருந்துமோவென்பதைச் சோழர்காலக் கல்வெட்டின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சை இராசராசேச்சரத்துத் திருச்சுற்றில், முதலாம் இராசராசன் தனது 29-ஆம் ஆட்சியாண்டு (கி. பி. 1014) வரை வகுத்த நிவந்தங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. திருவாரூர், திருவையாறு, பழையாறு முதலிய தளிகளினின்று வருவிக்கப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு மனையும், ஆட்டைக்கு 100 கலம் நெல் கொண்ட ஒவ்வொரு பங்கும் அளிக்கப்பெற்றன. அவர்தம் பெயர்க்கு முன்னெல்லாம் ‘நக்கன்’ என்னும் சிவபிரான் திருநாமம் நிற்றல் நோக்கத்தக்கது. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக 50 பேர் நியமிக்கப்பெற்று, நாடோறும் முக்குறுணி நெல் பெற்றனர். பிடாரர் பலர் தீக்கைப்பெயர் பூண்டிருந்தனர்.

இனி ஆடையைக் கருதுவாம். தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் வரிசையை அடுத்து நட்டுவரும், பாடுவாரும், வீணை வங்கியம் வாசிப்பாரும் கூறப்பட்டாற்போலவே, துணி தைக்குந் தையானும் ஆடை வெளுக்கும் ஈரங்கொல்லியும் பங்கு பெற்றோராகக் கூறப்பட்டனர். ஆடுவார்க்கும் பாடுவார்க்கும் உரிய கல்லிலே ஆடை தைப்பானும் வெளுப்பானும் இடம்பெற்றமையின், இவையெல்லாம் ஒரு திருப்பணியின் உறுப்புக்களாகக் கொள்ளப்பட்டன என்பது போதரும்.

மற்றுமொன்று: பங்குடையார் இறந்தாலும் அயல்நாடு சென்றாலும் அவர்க்கு அணுக்கராயினார் அப்பங்கு பெற்றுப் பணிசெய்க, அவர் தகுதியிலராயின் தகுவாரை இடுக என்று அக்கல்வெட்டே விதிக்கின்றது. பிறப்பினாற் பங்கு வந்தும், தகுதியின்றேல் அது நில்லாது. இவ்விதி அக்காலத்தார் கலையை எத்துணை மதித்தனர் என்பதற்குச் சான்றாம்.

அக்கோயில் விமானத்தின் மேல்நிலையிற் சிவபெருமானே நாற்கரங்களுடன் கரணங்களை ஆடிக்காட்டுமாறு சிற்பங்கள் உள. பரதநூல் கூறும் 108 கரணங்களுள் 81 மட்டும் செதுக்கப்பெற்று, எஞ்சிய 27 கற்கள் வறிதே நிற்கின்றன. கூத்தநூலார்க்குக் கரணமென்பது கைகால்கள் கூடித் தொழிற்படுஞ் செயல். சித்தாந்திகளுக்கோ தனு கரண புவன போகங்களுள் ஒன்றாகி, உயிர்க்கு இறைவன் அளித்த கருவியாம். பொருள் வேறாயினும் இரண்டும் ஓரிடத்து வந்து முடியும். இறைவன் தந்த கருவியை இறைவன்பாலே செலுத்துதல் சரியையாம். தன் போகத்திற்கே செலுத்துதல் பந்தமாம். ஆதலின் குற்றம் ஆடலின்கண் இல்லை. செலுத்துவார் நோக்கின்கண் உளது.

பிற்காலத்துத் தளிப்பெண்டுகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் அவர்க்குத் துயர்விளைப்பதாயிற்று. 1947-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணச் சட்டத்தால் அது விலக்கப்பெற்றது. அது தக்கதே. வழக்கம் ஒழிந்தது கொண்டு கலையையும் இகழ்தல் தகாது. ஓதுவார் குரலில் தேவாரம் இன்றும் ஒலிக்கின்றது. ஓதுவானுக்கு உழைப்பிற்கேற்ற பங்கும், திருமெய்ப்பூச்சிற்கும் பரிவட்டத்திற்கும் பணிசெய்வானுக்கு உரிய பெயரும் அளிக்கின்றோமாவென்று திருக்கோயிலாரும் மடத்தாரும் தம்மையே வினவுவாராக. ஆயிரமாண்டிற்கு முன்னே ஒருவன் அவற்றைக் கல்லிற் பொறித்துவைத்தான்.