காகிதத்துக்கு மரம் - காட்டிலா, கரம்பிலா?

மேலகரம் வயல்களுக்கு உயிர்நாடி சிற்றாறு. அது பிறப்பது குற்றால மலைக்காட்டில். காட்டு மண் மழைநீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுவதால்தான், மழை ஓய்ந்த பின்னும் ஓடைகளில் நீர் வருகிறது. காடு அழிந்தால் மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடி, குளங்களைத் தூர்த்துவிடும்.

காகிதக் கூழுக்காகவும் மழைக்காடுகள் அழிந்துள்ளன. மலைக்கு மேற்கே புனலூர் காகித ஆலைக்குக் காட்டு ஈத்தை வெட்டப்பட்டது. சுமத்ரா தீவில் மழைக்காட்டை அழித்துக் கூழ்மரத் தோட்டங்கள் போடப்பட்டன. ஒரே வகை மரத்தோப்பு மழைக்காட்டுக்கு ஈடாகாது.

ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர்களின் துணையோடு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை கூறுகிறது. புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. விவசாயிகளிடம் கூழ்மரமும் வாங்குகிறது.

கூழ்மரம் வளர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. வடிகால் வசதியுள்ள கரம்பு நிலத்தில் சவுக்கு நடலாம். நெல் விளையும் நஞ்சையை மாற்ற வேண்டாம்.

2. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்றுகள் தேவை. பருவமழைத் தொடக்கத்தில் நட்டு, வேர் பிடிக்கும் வரை நீர் ஊற்றவும்.

3. சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குத் தரும்.

4. தைல மரத்தைக் கிணற்றருகிலும் வாய்க்கால் கரையிலும் நடவேண்டாம்.

5. விலை, எடை, வெட்டுக்கூலி ஆகியவற்றை நடுமுன்பே எழுத்து மூலம் உறுதிசெய்து கொள்ளவும்.

கூழ்மரம் கரம்பில் வளரட்டும். மலைக்காடு சிற்றாற்றுக்கு இருக்கட்டும்.