கறவைக் கொட்டிலும் பால் பரிசோதனையும்

பரிசோதகர் நாளை வருகிறார் என்ற செய்தி கிடைத்தவுடன் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், சாணத்தை வாரி அப்புறப்படுத்துவதும், பால் கேனைச் சாம்பலிட்டுத் துலக்கிப் பளபளக்க வைப்பதும் நமது கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. சுண்ணாம்பு அடிப்பதை நாம் குறைகூற வரவில்லை. ஆண்டுக்கு இரு முறை அடிப்பது நல்லதே. ஆயினும் வந்தவர் சுவரைப் பார்த்துத் திருப்தியடைந்து போய்விடலாம். பால் அவ்விதம் திருப்தியடைவதில்லை. முந்தின நாள் இரவு பாத்திரம் எப்படிக் கழுவப்பட்டது, காலையில் மடி எப்படித் துடைக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் பாலே தெரிவித்துவிடும். அது எப்படியென்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சென்னை மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் 1918-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அக்காலத்தில் பாலைப் பற்றி எழுந்த முக்கியமான கேள்வி, அதில் தண்ணீர் உண்டா என்பதே. லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் விடை ஒருவாறு கிடைத்துவிடும். இப்போது நடைமுறையிலுள்ள சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2011 ஆகஸ்டு 5-ஆம் தேதி அமலுக்கு வந்தன. இப்பொழுது கேள்விகள் பல. கிருமிகள் எவ்வளவு, மருந்தின் மிச்சம் உண்டா, தீவனத்தின் நஞ்சு உண்டா என்று வினவுகிறார்கள். லாக்டோமீட்டர் இவற்றில் ஒன்றையும் காட்டாது. ஒரு துளித் தண்ணீரும் சேராத பால் பரிசோதனையில் தவறிவிடுவதன் காரணம் இதுவே. அப்படி நேரும்போது, தண்ணீர் ஊற்றியதாகத் தம்மீது பழி வந்துவிட்டதென்று உற்பத்தியாளர் மனம் வருந்துகிறார். பழி அதுவன்று என்பதை யாரேனும் எடுத்துச் சொன்னால் பாதி மனஸ்தாபம் தீர்ந்துவிடும்.

கிருமியின் அளவை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 10 மில்லிலிட்டர் பாலில் 1 மில்லிலிட்டர் மெத்திலின் நீலக் கரைசலைச் சேர்த்து, குழாயை மூடி, 37 டிகிரி வெப்பமுள்ள நீரில் வைப்பார்கள். கிருமிகள் பாலிலுள்ள பிராணவாயுவை உட்கொள்ள உட்கொள்ள நீல நிறம் மறைந்து பால் வெளுக்கும். 5 மணி நேரமும் அதற்கு மேலும் நீலம் நின்றால் மிக நல்ல பால். 3, 4 மணி நேரம் நின்றால் நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்துவிட்டால் தாழ்ந்த பால் என்று கொள்ளவேண்டும். கறந்த சூட்டில் இருக்கும் பாலில் ஒரு கிருமி அரைமணிக்கொரு முறை இரண்டாவதாக வைத்துக்கொண்டால், 4 மணி நேரத்தில் அது 256 ஆகிவிடும். ஆகையால் முதலில் எத்தனை கிருமிகள் விழுந்தன என்பதும், பால் எவ்வளவு விரைவில் குளிர்விக்கப்பட்டது என்பதும் ஆகிய இரண்டே கணக்குக்கு வருகின்றன. குளிர்விப்பது சங்கத்தின் வேலை. முதற்கணக்கு கொட்டிலில் முடிவாகிறது.

சங்கத்தில் நூறு வீட்டுப் பால் ஒரே கேனில் கலக்கிறது என்பதை இங்கே மறக்கலாகாது. 99 பேர் சுத்தமாகக் கறந்து, ஒருவர் அழுக்குச் செம்பில் கறந்தாலும் அந்த ஒருவருடைய கிருமி எல்லாருடைய பாலிலும் பெருகும். கூட்டுறவில் லாபம் பொதுவென்றால் அழுக்கும் பொதுவே.

இனி கொட்டிலைக் கவனிப்போம். மண் தரையில் மூத்திரமும் சாணமும் ஊறி நின்றால் எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. தரை சிமெண்டாகவோ கல் பாவியதாகவோ, சறுக்காமல் சொரசொரப்பாக, வாய்க்காலை நோக்கி 40 அடிக்கு 1 அடி வீதம் சாய்ந்திருக்க வேண்டும். முழுக் கொட்டிலுக்கும் தளம் போட வசதியில்லாதவர்கள் கறக்கும் இடத்திற்கு மட்டுமாவது போட்டுக்கொள்ளலாம். எருக்குழி கிணற்றுக்கும் கறக்கும் இடத்திற்கும் எட்டி இருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராஜகுளத்துத் தெருக்கள் சேறாகிவிடும் காலத்தில் மாட்டின் மடி முட்டளவு சேற்றிலேயே நனைந்து வருகிறது. அக்காலத்தில்தான் பால் திரும்பி வருவது மிகுதியாகிறது. பரிசோதனைக்கு உண்மையான காலமும் அதுவே.

கறப்பதற்குச் சற்று முன்னர் கொட்டிலைப் பெருக்கலாகாது, வைக்கோலையும் உதறலாகாது. எழும்பும் தூசி செம்பில் விழும். மடியைச் சுத்த நீரால் கழுவி, ஒவ்வொரு மாட்டுக்கும் தனியான உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கழுவி ஈரமாக விடுவது கழுவாமல் விடுவதைக் காட்டிலும் கெடுதல். அழுக்கு நீர் காம்பு வழியே செம்பில் சொட்டும். கன்றை ஊட்டவிட்ட பிறகும் இவ்விதமே செய்ய வேண்டும். ஒவ்வொரு காம்பின் முதற் பீர்களைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்த்தால் திரி திரியாகத் தோன்றும் மடிநோய்ப் பால் உடனே தெரிந்துவிடும். அதைத் தரையில் பீய்ச்சுவது நோயைப் பரப்புவதாகும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கத்தால் காம்பு புண்படுகிறது; உள்ளங்கை முழுதும் பற்றிக் கறப்பதே சரி. எச்சிலோ பாலோ தொட்டுக் கறப்பதை அறவே விட்டொழிக்க வேண்டும். கறந்தபின் அரைமணி நேரம் வரை காம்புத் துவாரம் திறந்தேயிருக்கும். ஆகையால் காம்பை அயோடின் மருந்தில் தோய்த்துவிட்டு, முன்னால் தீவனம் வைத்து மாட்டை நிறுத்திவைத்தால் அது அழுக்குத் தரையில் படுக்காது.

பாத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கெடுவதற்கு மாட்டைவிடப் பாத்திரமே பெரிதும் காரணம். பெயிண்ட் வந்த பிளாஸ்டிக் வாளியில் கறப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் விழும் கீறல்களில் பால் தங்கிவிடும். எந்தத் தேய்ப்பாலும் அது போகாது. இணைப்பு இல்லாத துருப்பிடிக்கா எஃகுப் பாத்திரத்திற்குக் கொடுக்கும் விலை இரண்டொரு முறை பால் திரும்பாதிருந்தாலே ஈடாகிவிடும். கழுவும் முறையிலும் ஒரு தவறு நடக்கிறது. எடுத்தவுடன் கொதிநீரை ஊற்றுகிறார்கள். அப்போது பாலின் புரதம் வெந்து உலோகத்தில் படிந்துவிடுகிறது. நாளடைவில் அது கல்லைப்போல் இறுகும். முதலில் குளிர்ந்த நீரால் அலசி, பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தூரிகையால் தேய்த்து, மறுபடி அலச வேண்டும். அடுத்து 10 லிட்டர் நீருக்கு 7 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் சில நிமிஷம் நனைத்தெடுத்து, மரத்தட்டியின்மேல் கவிழ்த்து உலரவைக்க வேண்டும். ஏரித் தண்ணீரில் பால் பாத்திரம் கழுவலாகாது. எருமை குளிக்கும் நீரில் அலசிய கேன் கண்ணுக்குத்தான் சுத்தம். வடிகட்டும் துணியும் நாள்தோறும் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்தத் தக்கது.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் கழியும் வரையில் சங்கத்தில் ஊற்றலாகாது. அது மனிதருக்குக் கெடுதல் செய்வதோடு, தயிர் உறையாமலும் தடுக்கும். கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்திற்குள் புரூசெல்லா தடுப்பூசி போட்டுக்கொள்வதும் அவசியம். அந்நோய் பால் வழியாகவும், கருச்சிதைவை வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்குத் தொற்றும்.

எனினும் நமது நாட்டுக்கு முக்கியமானது தீவன அறை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல் அஃப்ளடாக்சின் எம்1 என்னும் நஞ்சு வரம்புக்கு மேல் காணப்பட்டது. அவற்றுள் தமிழ்நாட்டு மாதிரிகள் 88. இங்கே சோதித்தவை மொத்தம் 551. வேறெந்த மாநிலத்திலும் எண்ணிக்கை இவ்வளவு இல்லை. வரம்பாவது ஒரு கிலோ பாலுக்கு அரை மைக்ரோகிராம். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சோளம் முதலியன ஈரத்தில் பூசணம் பூத்தால் இந்நஞ்சின் மூலம் அதில் உண்டாகிறது. மாடு அதைத் தின்று பாலில் விடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுப்பதும் பயனற்றது. காய்ந்தது பூசணமே, நஞ்சு அப்படியே இருக்கும். மூட்டையை மரப்பலகைமேல் சுவரைத் தொடாமல் அடுக்குவதும், மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதும், கட்டி கட்டியாக இறுகியதைத் துணிந்து எருக்குழியில் கொட்டிவிடுவதும் தவிர வேறு வழியில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினராயிருந்து பால் முழுவதையும் சங்கத்திற்கே கொடுப்பவருக்குத் தனிப் பதிவு வேண்டியதில்லை என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் விலக்களித்தன. இதைச் சலுகையென்று மகிழ்வோர் பலர். ஆனால் பதிவு பெற்ற இடங்களை ஆண்டுக்கொரு முறையேனும் அதிகாரி வந்து பார்க்கவேண்டுமென்பதும் அவ்விதிகளில் உள்ளது. ஆகவே விலக்குப் பெற்ற வீட்டுக் கொட்டிலைப் பார்க்கும் பொறுப்பு சங்கத்தின்மேலேயே விழுகிறது. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், ஏரியைப் பார்க்க ஒரு வாரியமும் தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியமும் குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்தில் அமரலாகாதென்றும் அவற்றில் கண்டிருக்கிறது. அம்மாதிரியே சங்கமும் மூன்று பேரை, அவர்களில் ஒருவராவது கறக்கும் பெண்ணாக, ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து, மாதம் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி ஐந்து வீடுகளுக்கு அனுப்பலாம். அவர்கள் காலை 5 மணிக்குப் போவது நலம். கறவை நடக்கும் நேரம் அதுவே. மெத்திலின் நீலச் சோதனையின் பலனை வீட்டுக்காரருக்குத் தனியே சொல்ல வேண்டும். பலகையில் எழுதிப் போடவேண்டாம்.