ஐப்பசியில் தொடங்கும் கதை: பருவத்தை வைத்துச் சிறுகதை எழுத முழுமையான வழிகாட்டி

பருவ மாற்றத்தை வைத்து ஒரு கதை எழுதுங்கள் என்றால், புதிதாக எழுத வருபவர்கள் பலரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். அக்டோபர் மாதம், மஞ்சள் இலைகள் உதிர்கின்றன, பூங்கா பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பழைய காதலை நினைக்கிறார். இது ஐரோப்பியக் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய அக்டோபர். நம் திண்டுக்கல் சமவெளியில் அக்டோபரில் மரங்கள் மொட்டையாவதில்லை. புரட்டாசி வரை காய்ந்து கிடந்த கரடும் புறம்போக்கும் அப்போதுதான் பச்சை பிடிக்கின்றன. இங்கே வேம்பும் அரசும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில்.

எனவே, நம் மண்ணின் பருவத்தை எடுத்துக்கொண்டு கதை செய்வது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கதையில் வரும் பருவம் யாரையாவது ஏதாவது செய்ய வைக்க வேண்டும். கடன் வாங்க வைக்கலாம், கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கலாம், ஊரை விட்டுக் கிளம்ப வைக்கலாம். யாரையும் எதையும் செய்ய வைக்காத மழை உங்கள் கதையில் பெய்யத் தேவையில்லை.

படி 1: உங்கள் ஊரின் பருவத்தைப் படியுங்கள்

தமிழ் மரபில் ஆண்டுக்கு ஆறு பெரும்பொழுதுகள். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் உங்கள் தெருவில் அது எப்படி வருகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மலைக்கோட்டை மேல் ஏறி நின்று மேற்கே பாருங்கள். கொடைக்கானல் மலையின் தலையில் மேகம் கவிந்திருக்கும். கீழே நமக்குக் கிடைப்பது காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் மரத்தையெல்லாம் ஆட்டிவைக்கும். ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் இடியோடு ஒரு மழை வந்தால் வரும், வராமலும் போகும். ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. மேகம் கிழக்கிலிருந்து வருகிறது. அடைமழை என்று நாம் சொல்வது இதைத்தான். ஆண்டின் பெருமழையை இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் நம்பியிருக்கிறோம். கண்மாய் நிறைவதும், கிணறு ஊறுவதும், நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் ஏறுவதும் ஐப்பசி, கார்த்திகை என்ற இந்த இரண்டு மாதத்தைப் பொறுத்தவை.

புரட்டாசிக் கடைசிக்கும் கார்த்திகை முதலுக்கும் இடைப்பட்ட நாள்களையே புதியவர்களுக்கு நான் சொல்வேன். ஆண்டு முழுக்கக் காத்திருந்தது நடக்குமா நடக்காதா என்று தெரியப்போகும் காலம் அது. கதைக்கு வேண்டிய இழுவிசை அதற்குள்ளேயே இருக்கிறது.

படி 2: முதல், கரு, உரி என்று மூன்று கோடு போடுங்கள்

சிறுகதை எழுதக் கற்றுத்தரும் புத்தகங்களைத் தேடி அலைவதற்கு முன் தொல்காப்பியத்தின் அகத்திணையியலைப் பாருங்கள். பாட்டுக்குச் சொன்ன இலக்கணம்தான் அது; கதைக்கும் அப்படியே உதவும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் உள்ள மரம், பூ, விலங்கு, உணவு, தொழில், தெய்வம். உரிப்பொருள் என்பது மனிதர்களுக்கிடையே நடப்பது: கூடல், பிரிதல், காத்திருத்தல், ஊடல், இரங்கல்.

முல்லைக்குக் காரும் மாலையும் என்று வகுத்ததில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. கார் தொடங்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கார் வந்துவிட்டது. மழை இங்கே கெடு நாளாக மாறிவிடுகிறது. காலெண்டரைக் கிழிக்கத் தேவையில்லை, மேகம் போதும்.

ஒரு தாளில் மூன்று கோடு போட்டு இப்படி எழுதிப் பாருங்கள். முதல்: வேடசந்தூர்ப் பக்கம் ஒரு செம்மண் காடு, ஐப்பசி, விடியற்காலை. கரு: முருங்கை மரம், பாதி தூர்ந்த கிணறு, வெள்ளாடு, மொபெட். உரி: திருப்பூர் போன மகன் தீபாவளிக்கு வருகிறானா இல்லையா. மூன்றும் ஒன்றையொன்று தொடும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். முருங்கையை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும் என்றால், முருங்கை இன்னும் கதைக்குள் வரவில்லை என்று பொருள்.

படி 3: பருவக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

ஜப்பானில் ஹைக்கூ எழுதுபவர்கள் சைஜிகி என்ற தொகுப்பைக் கையில் வைத்திருப்பார்கள். எந்தப் பூச்சி, எந்தப் பூ, எந்தச் சாப்பாடு, எந்தப் பண்டிகை எந்தப் பருவத்துக்குரியது என்று அதில் வரிசைப்படுத்தியிருக்கும். நம் ஊருக்கு அப்படியொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். நாளுக்கு இரண்டு வரி போதும்.

"குளிர்ந்த காற்று வீசியது" என்று எழுதாதீர்கள். என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள், என்ன விலை என்று எழுதுங்கள். முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி. விளக்கடியில் வந்து விழும் ஈசல், அதை அள்ளி வறுக்கும் வீடு. கார்த்திகை தீபத்துக்குச் சொக்கப்பனைக்காகக் கொண்டுவரும் பனை. மாலை போட்டவர்களுக்காகக் கார்த்திகை முதல் தேதியன்று கடை வாசலில் தொங்கும் கறுப்பு வேட்டி. தையில் நத்தம் வழியாகத் திண்டுக்கல்லைக் கடந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்களின் கால் கொப்புளம்.

படி 4: ஓய்ந்து கிடக்கும் பொருளைத் தேடுங்கள்

இந்த உத்தியை நக்கீரரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடை 188 அடிகளில் ஒரு கூதிர் இரவைக் காட்டுகிறது. குளிரைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள். வேனிலில் வீசிய விசிறி சுருக்கிக் கட்டித் தொங்குகிறது, அதில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கிறது. மாடத்தின் கதவு சாத்தியிருக்கிறது. குளிர்ந்த நீர் பருகுவாரில்லை, கணப்புச் சட்டியில் நெருப்பு இருக்கிறது. அந்த வீட்டுக்குள்தான் தலைவி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அரசன் பாசறையில் இருக்கிறான். பயன்பாட்டிலிருந்து விலகிய பொருள்களை அடுக்கியே குளிரையும் பிரிவையும் ஒன்றாகச் சொல்லிவிட்டார். இதைவிடச் சிறந்த பருவ வருணனையை நான் படித்ததில்லை.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படித் தேடுங்கள். ஐப்பசி வந்ததும் எது ஓய்கிறது? மொட்டைமாடியில் விரித்த பாய் உள்ளே வருகிறது. மோர்ப்பந்தல் போட்ட இடத்தில் குழி மட்டும் இருக்கிறது. சின்னாளபட்டியில் சாயமேற்றிய சுங்குடிச் சேலை உலர வெயில் இல்லை. எது வேலைக்கு வருகிறது? பரண்மேல் கிடந்த தார்ப்பாய், ஒழுகும் இடத்தில் வைக்கும் அண்டா. யார் அந்தத் தார்ப்பாயை எடுக்கப் பரணில் ஏறுகிறார், அங்கே வேறு என்ன கிடைக்கிறது என்பதிலிருந்தே கதை நகரத் தொடங்கிவிடும்.

படி 5: பருவம் யார் மடியில் கை வைக்கிறது என்று பாருங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் பருவம் முதலில் தெரிவது சந்தையில். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்குப் பனி ஆகாது. மார்கழியில் பூ குறையக் குறைய விலை ஏறும். கோடையில் பூ கொட்டும், விலை படுத்துவிடும். பூ நிறைய இருக்கும்போது காசில்லை, காசு வரும்போது பூ இல்லை என்ற இந்த முரண் ஒரு குடும்பத்துக்குள் எத்தனை சண்டையைக் கொண்டுவரும் என்று யோசியுங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பெருமளவு சரக்கு கேரளத்துக்குப் போகிறது. ஆவணியில் ஓணம் நெருங்கும்போது இங்கே விலை அசையும். புரட்டாசியில் கறி விலக்கும் வீடுகள் அதிகம். தீபாவளிக்கு முந்திய வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் நிற்க இடமிருக்காது. கார்த்திகையில் மாலை போட்டதும் மறுபடி பல வீடுகளில் கறி நிற்கும். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் ஆட்டுக்காரருக்கு இது எப்படிப்பட்ட ஆண்டு!

ஒரு பயிரை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். மாநில மலரான செங்காந்தள்தான் அது. கலப்பை போல வளைந்த கிழங்கை ஆடி வாக்கில் ஊன்றினால், கொடி இலை நுனியையே சுருட்டிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறும். புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். இதழ் முதலில் பச்சை கலந்த மஞ்சள். நாளாக ஆகச் சிவப்பு. சூல்தண்டு பூவின் நடுவிலிருந்து பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது கடினம். காலை நேரத்தில் ஆட்கள் வரிசையாகப் போய், பூப்பூவாகக் கையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் மழை பிடித்தால் வேலை கெட்டது. மார்கழி, தையில் காய் பறித்து உலர்த்தி விதை எடுப்பார்கள். அதிலிருந்து கிடைக்கும் கோல்ச்சிசின் மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறது. விதை விலை ஆண்டுக்கு ஆண்டு ஆடும். செடி முழுக்க நஞ்சு.

சமவெளியே மழை வேண்டி நிற்கும் ஐப்பசியில், இந்தக் காட்டுக்காரர் மட்டும் காலை மழை வேண்டாமென்று நிற்கிறார். பக்கத்துக் காட்டுக்காரரோ கிணறு ஊற வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார். இருவரும் மாமன் மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கதைக்கு நான் என்ன சொல்லித்தர வேண்டும்?

படி 6: ஒரே நாளில் அடக்குங்கள்

புதியவர்கள் ஆடியில் தொடங்கித் தையில் முடிக்கப் பார்ப்பார்கள். அது நாவலுக்கான நீளம். சிறுகதைக்கு ஒரு நாள் போதும், சில சமயம் அரை நாள். இந்த மாவட்டத்து வத்தலக்குண்டு மூன்று முன்னோடிகளைத் தந்த ஊர்: 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரு ஜல்லிக்கட்டுப் பொழுதுக்குள் நடந்து முடிகிறது. தந்தையைக் கொன்ற காளையை மகன் எதிர்கொள்கிறான். பல ஆண்டுப் பகை முழுவதும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்துவிடுகிறது. புதியவர்கள் அதை ஒருமுறை கதைக்காகவும், மறுமுறை நேரத்தை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்ப்பதற்காகவும் படிக்க வேண்டும்.

நம் கண்வலிக்கிழங்குக் கதைக்கு எந்த நாள்? இரவு முழுக்க மேகம் கூடி நின்று, விடிந்தும் பெய்யாத ஒரு காலை. அன்றே தொடங்கி அன்று மதியத்துக்குள் முடியுங்கள். பழைய கடனும் பழைய மனத்தாங்கலும் பேச்சுவாக்கில் வரட்டும்.

படி 7: வானத்தை வாயால் சொல்ல வையுங்கள்

பருவத்தை ஆசிரியர் வருணித்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். பாத்திரம் பேசினால் நிற்பார்.

"அத்தை, மானம் இருட்டிக்கிட்டு வருது. வெதையை உள்ள அள்ளிருவமா?"

"நீ பிள்ளையைப் பாரு தாயி. நான் அள்ளிக்கிறேன்."

இரண்டே வரி. மழை வருகிறது, முற்றத்தில் விதை காய்கிறது, கைப்பிள்ளை இருக்கிறது, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிறது. மாதப் பெயர்களையும் பாத்திரம் பேசும் விதத்திலேயே விடுங்கள். காட்டு வேலை செய்பவர் "அக்டோபர் இரண்டாவது வாரம்" என்று சொல்லமாட்டார். மில் வேலைக்குப் போகும் அவர் மகள் சொல்லக்கூடும்.

படி 8: எழுதியதைச் சரிபாருங்கள்

கார்த்திகையில் வேப்பம்பூ பூத்திருக்கிறதா? மாசியில் கண்மாய் கரை தொட்டு நிற்கிறதா? புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதமிருக்கும் வீட்டில் கறி கொதிக்கிறதா? ஊர்க்காரர் ஒருவர் படித்தால் இந்த இடத்தில் கதையை மூடிவிடுவார். விவசாயம் பார்க்கும் ஒருவரிடமும், சந்தைக்குப் போய் வரும் ஒருவரிடமும் கதையைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தம் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. மழை தப்பிப் பெய்யும் ஆண்டுகளும் உண்டு. அப்படி எழுதுவதென்றால் அது தப்பிப் பெய்கிறது என்பது பாத்திரங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மழை வரட்டும், எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வருகிற வியாழக்கிழமை விடியற்காலை அய்யலூர்ச் சந்தைக்குப் போங்கள். ஒரு ஆட்டுக்கு என்ன விலை கேட்கிறார்கள், எவ்வளவுக்கு முடிகிறது, விற்றவர் அந்தப் பணத்தை எதற்காக எடுத்துப் போகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் முதல் கதையின் முதல் பத்தியை அன்று இரவே எழுதிவிடுங்கள்.