சந்தைக்குப் போய் வந்த எருது இளைப்பது ஏன்?

வெள்ளக்கோவிலுக்கு அண்மையிலுள்ள கண்ணபுரத்தில், சித்திரை மாதத்து மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை காங்கேயம் பகுதிக் குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. அங்கு எருது வாங்கியவர்களிற் சிலர் பத்து நாட்களுக்குள் எம்மிடம் வந்து, “வாங்கும்போது இருந்த உடம்பு இப்போது இல்லையே!” என்று முறையிடுவதுண்டு. கண்ணேறு என்பார் சிலர். விற்றவன் ஏமாற்றினான் என்பார் சிலர். அவசரப்பட்டுச் சூடு போட்டுவிடுவாரும் உளர். நோயும் ஏமாற்றும் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அச்சமும் அலைச்சலுமே பெரும்பாலும் காரணமாவதை நாம் கண்டிருக்கிறோம்.

பழகிய கட்டுத்தரையையும் உடன் வளர்ந்த மாடுகளையும் பிரிந்து, வெயிலில் நின்று, லாரியில் நிலைகொள்ளாது ஆடிச் சென்று, அறியாதவர் கையில் சேரும் எருதின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அச்சமயத்தில் சிறுநீரகங்களுக்கு அருகே அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் பொருளை இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கின்றன. சில மணி நேரத்து ஆபத்தைத் தாண்ட இது உதவும். நாட்கணக்கில் நீடித்தாலோ, தசையும் கொழுப்பும் கரையத் தொடங்கும். தீனியில் நாட்டம் குன்றும். நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் அசைபோட வேண்டிய மாடு, வெறிக்கப் பார்த்து நிற்கும். மனிதருக்கும் இச்சுரப்பு உண்டு. ஆனால் நம்மிற் சிலர் கவலையால் இளைக்க, வேறு சிலர் இனிப்பும் பலகாரமும் தின்று வயிறு பெருக்கின்றனர்.

முதல் நாளில் குறையும் எடையிற் பெரும்பகுதி சாணமும் நீருமேயாகும். தண்ணீரும் தட்டும் கிடைத்தால் சில நாட்களில் அது மீளும். தசையில் ஏற்பட்ட குறைவு மீளப் பல வாரங்கள் செல்லும். இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த நஷ்டம் ஒன்றைக் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி மயிலை எருதுகள் இரண்டை வாங்கி வந்து, உடம்பு தேற வேண்டுமென்று அன்றிரவே கம்பு மாவைத் தாராளமாக வைத்தார். பட்டினியாய் வந்த வயிற்றில் அம்மாவு புளித்து அமிலமாயிற்று. கால்நடை மருத்துவர் ஒன்றைப் பிழைப்பித்தார். மற்றொன்று நான்காம் நாள் இறந்தது. கெட்ட எண்ணத்தால் செய்ததன்று, ஆசையால் செய்தது.

ஆகையால் வந்தவுடன் நிழலில் கட்டி, தாழி நிறையத் தண்ணீர் காட்டி, சோளத்தட்டு மட்டும் போடுக. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை முதலியவற்றை நான்கைந்து நாள் கழித்துச் சிறிதளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவருக. ஜோடியாக வாங்கியவற்றைப் பக்கத்திற் பக்கமாகவே கட்டுக. ஒரு வாரம் நுகம் வைக்கலாகாது. பின்னரும் வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுக. தொற்றுநோய் இல்லையென்று தெளிந்தபின், சாதுவான பழைய பசு ஒன்றுடன் கொறங்காட்டில் விடுதல் மிக நன்று. கிளுவை வேலியும், வெள்வேல் நிழலும், கொழுக்கட்டைப் புல்லும் உடைய கொறங்காட்டில் வளர்ந்த இனமன்றோ இது! பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தை விருத்தி செய்ததும் இந்நாட்டு மேய்ச்சலை நம்பியேயாகும்.

லாரி பேசும்போதும் கவனம் தேவை. ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாதென்பது 1978ஆம் ஆண்டின் விதி. கூலியைப் பங்கிட்டு மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பத்து மாடுகளை நெருக்கினால், மிச்சமான பணம் மாட்டின் முதுகிலிருந்தே போகும்.

இளைப்பைக் கண்ணால் மதிப்பிடுதல் போதாது. தையற்காரர் நாடா ஒன்றிருந்தால் அளந்துவிடலாம். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள்முனை முதல் பின்தொடை எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுக்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய கிலோ எடை. சுற்றளவு 72, நீளம் 56 எனின் எடை சுமார் 440 கிலோ. வந்த நாளிலும் பின்னர் வாரம் ஒருமுறையும் எழுதி வைக்க. மூன்றாம் வாரத்திலும் குறைந்துகொண்டே போனாலும், இடையில் காய்ச்சலோ கழிச்சலோ கண்டாலும், மருத்துவரை அழைக்க. அளக்கும்போது மாடு நான்கு காலும் சமமாக ஊன்றித் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும்; தீனி வைக்குமுன் காலையில் அளத்தல் நலம்.