தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும்

ஒளூச் செய்யும் தண்ணீர் மாறுபட்டிருக்கிறதா என்று அறிய மார்க்கம் நமக்குக் காட்டித் தந்த அடையாளங்கள் மூன்று: நிறம், சுவை, வாடை. சாமான்யப் பார்வைக்குப் புலப்படாத அளவு நஜீஸ் பட்டால், ஈயின் காலில் ஒட்டி வருவதைப் போல, அது மன்னிக்கப்படும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறும். கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் நம்மீது சுமை இல்லை.

இரசாயனக் கூடத்தின் கருவிக்கும் எல்லை உண்டு. எதுவும் கலவாத சுத்த நீரை வைத்தாலும் அதன் முள் சற்றே ஆடும். அந்த ஆட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எழுந்தால்தான் 'பொருள் இருக்கிறது' என்று சொல்வது வழக்கம். இதுவே கண்டறியும் எல்லை. உணர்திறன் என்பது வேறு. பொருள் சிறிது கூடினால் முள் எவ்வளவு நகரும் என்பதே அது. முள் நன்றாக நகரும் கருவியிலும் ஆட்டம் மிகுந்தால் சிறு அளவு மறைந்துபோகும்.

பனியன் தொழிலில் உள்ள சகோதரர்கள் இதை அறிவார்கள். சில அசோ சாயங்களிலிருந்து பிரியும் அமீன்கள் புற்றுநோய் உண்டாக்க வல்லவை. 2002இல் ஐரோப்பிய யூனியன் அத்தகைய சாயங்களைத் தடுத்தபோது, 'கண்டறியத்தக்க அளவு' என்பதைக் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என்று வகுத்தது. ஆகவே சோதனைச் சான்றில் 'காணப்படவில்லை' என்றிருந்தால், அறவே இல்லை என்று பொருளாகாது. அந்தச் சோதனையின் எல்லைக்குக் கீழே என்பதே பொருள்.

நொய்யலின் கதையும் இதுவே. சாயம் மிகச் சிறிதளவு கலந்தாலும் கண் கண்டுகொள்ளும். சாயமேற்றப் போடும் உப்போ, லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் கரைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நிறம் நீக்கிய கழிவுநீர் தெளிவாகவே ஓடும். உப்பு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கும். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011 ஜனவரியில், கழிவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒன்று வணக்கம். ஹவுளில் மாறுதல் ஏதும் தெரியாதபோது, 'ஏதேனும் கலந்திருக்குமோ' என்று திரும்பத் திரும்ப ஒளூச் செய்வது பேணுதல் அல்ல, வஸ்வாஸ். உறுதியைச் சந்தேகம் நீக்காது.

மற்றொன்று அடியார்களின் ஹக்கு. பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றைக் கெடுத்துவிட்டு, 'தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. தொட்டியில் எத்தனை மூட்டை உப்புப் போட்டோம் என்று நமக்கே தெரியும். அதற்குக் கருவி எதற்கு? அணுவளவு தீமையும் காணப்படும் என்று எச்சரிக்கும் ஜில்ஜால் சூராவை நாம் தொழுகையில் ஓதுகிறோம். அந்த மறுமைத் தராசுக்குக் கண்டறியும் எல்லை கிடையாது.

வணக்கத்தில் எளிமையையும், பிறர் ஹக்கில் அச்சத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.