இரும்பு மூழ்குது, கப்பல் மிதக்குது. ஏன்?

கிணத்துல தண்ணி இறைச்சிருக்கீங்களா? வாளி தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் லேசா வரும். வெளியே வந்ததும் கை வலிக்கும். வாளி அதேதான், தண்ணியும் அதேதான். அப்போ உள்ளே இருக்கும்போது அதைத் தாங்கியது யார்?

தண்ணீர்தான்! தண்ணீருக்குள் போகும் எந்தப் பொருளும் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்கிவிட்டுத்தான் இடம் பிடிக்கும். ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் அந்தப் பொருளை மேலே தள்ளும். இதுதான் மிதப்பு விசை. இதைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடிஸ். 2,200 ஆண்டுகளுக்கு முன் சிசிலித் தீவில் சைரகியூஸ் நகரில் வாழ்ந்தவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ இரும்புக் கட்டி ஒதுக்குவது சுமார் 130 மில்லி தண்ணீரைத்தான். அதன் எடை 130 கிராம். 1 கிலோவை 130 கிராம் தாங்குமா? தாங்காது, மூழ்கிடும். அதே இரும்பைத் தட்டி 2 லிட்டர் பிடிக்கும் சட்டியாக்கினால்? 1 லிட்டர் தண்ணீரை ஒதுக்கியதுமே 1 கிலோ விசை கிடைச்சிடும். சட்டி பாதிதான் அமிழும், மிதக்கும். கப்பலின் ரகசியம் இவ்வளவுதான்.

நான் செய்து பார்த்த சோதனை: 10 செ.மீ. நீளம், அகலம், உயரம் உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. டப்பாவும் உள்ளே வைத்த கல்லும் சேர்த்து 700 கிராம். கல்லைத் தனியாகப் போட்டேன், மூழ்கியது. டப்பாவுக்குள் நடுவில் வைத்து விட்டேன், மிதந்தது! ஸ்கேல் வைத்து அளந்தேன். தண்ணிக்குள் இருந்தது ஏறக்குறைய 7 செ.மீ. கணக்கும் அதையே சொல்லுது.

இது பரீட்சைக்கு மட்டும் இல்லை, உயிரைக் காப்பாத்தவும் உதவும். நம் உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். அதனால் தண்ணியில் தத்தளிக்கிறவரின் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. மூக்கும் வாயும் வெளியே இருக்கச் சில கிலோ விசை போதும். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேன் ஏறக்குறைய 5 கிலோ விசை தரும்! மூடி இல்லைன்னா தண்ணி உள்ளே புகுந்து பயன் இல்லாமப் போயிடும்.

ஆகவே, யாராவது குளத்திலோ கிணத்திலோ விழுந்தால் நாம் குதிக்கக் கூடாது. பயத்தில் அவர் நம்மையும் பிடித்து அமுக்கிவிடுவார். சத்தம் போட்டுப் பெரியவங்களைக் கூப்பிடணும். கயிறு கட்டிய காலி கேனைக் கரையில் இருந்தே வீசணும். "நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க"ன்னு சொல்லணும். எங்க வீட்டில் அப்படி ஒரு கேனைக் கட்டித் தொங்க விட்டிருக்கோம். உங்க வீட்டிலும் செய்யுங்க.

யோசிக்க ஒரு கேள்வி: 1 லிட்டர் ஆற்றுநீர் சுமார் 1 கிலோ. 1 லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. ஆற்றிலிருந்து கடலுக்குள் வரும் கப்பல் கொஞ்சம் மேலே எழும்புமா, கீழே இறங்குமா? விடையைக் காரணத்தோடு எழுதிக் கொடுங்க. அடுத்த இதழில் சந்திப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி