கருவிக்கு ஒரு கையேடு

நுழையும்முன்

மனிதருக்காக எழுதிய கையேட்டில் ஒரு செய்தி விடுபட்டால், படிப்பவர் தம் பட்டறிவைக் கொண்டு அதனை நிரப்பிக்கொள்வார். ஐயம் எழுந்தால் பிறரிடம் கேட்பார். இன்று கையேட்டைப் படிப்போர் வரிசையில் இயந்திரமும் சேர்ந்துள்ளது. அது விடுபட்டதை ஊகிக்கும். ஊகித்தபடியே செயலையும் முடித்துவிடும். எனவே, பிழையற எழுதும் கலை புதியதொரு பொறுப்பை ஏற்றிருக்கிறது.

தானே இயங்கும் உலாவி

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்துள்ளது. அதே மாவட்டத்தில் கூடுவாஞ்சேரிக்கு அருகில் சோகோ நிறுவனத்தின் வளாகம் உள்ளது. மென்பொருளை உருவாக்குவதைப் போலவே அதனைச் சோதிப்பதும் இத்துறையின் இன்றியமையாப் பணியாகும். படிவத்தை நிரப்பி, பொத்தானைச் சொடுக்கி, உரிய விடை வருகிறதா எனப் பலமுறை பார்ப்பது மனிதருக்குச் சலிப்பூட்டும். அவ்வேலையை நிரலின் துணையால் உலாவியே செய்யுமாறு அமைப்பது உலாவித் தானியக்கம் எனப்படும்.

2004ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் இத்துறையின் முன்னோடிக் கருவிகளுள் ஒன்று. உலாவியை இயக்குவதற்கான வெப்டிரைவர் என்னும் பொதுத்தரம் 2018இல் ஏற்கப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020இல் பிளேரைட் என்னும் கருவியை வெளியிட்டது. இக்கருவிகளுக்கு ஒவ்வொரு படியையும் மனிதரே எழுதித் தந்தனர்.

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்தபின் இம்முறை மாறியது. முகவரிடம் குறிக்கோளை மட்டும் கூறினால் போதும். படிகளை அதுவே வகுத்துக்கொள்ளும். எந்தக் கருவியை எப்போது பயன்படுத்துவது என்பதை, அக்கருவியின் பெயரையும் விளக்கத்தையும் படித்தே அது முடிவு செய்கிறது. ஆகவே, முன்னர்க் கருவிக்குத் துணையாக இருந்த ஆவணம், இப்போது கருவியின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

நன்னூல் காட்டும் அளவுகோல்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் நான்கினைக் கொண்டு இன்றைய கருவிக் கையேட்டையும் அளந்து பார்க்கலாம்.

மாமல்லபுரத்து மரபுச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைக் காண இணையவழியிலும் நுழைவுச்சீட்டுப் பெறலாம். இருவர் செல்வதற்குச் சீட்டு வாங்கித் தருமாறு ஒருவர் தம் முகவரைப் பணிப்பதாகக் கொள்வோம்.

முதற்குற்றம் குன்றக் கூறல். ‘இக்கருவி பொத்தானைச் சொடுக்கும்’ என்று மட்டும் கையேடு கூறுகிறது. சொடுக்கியபின் விடை வரத் தாமதமானால் என்ன செய்வது என்று கூறவில்லை. பணம் செலுத்தும் பொத்தானை முகவர் மீண்டும் சொடுக்கினால், இருமுறை பணம் கழியக்கூடும்.

அடுத்தது மிகைபடக் கூறல். முகவர் ஒரே வேளையில் கருத்தில் கொள்ளக்கூடிய உரைக்கு எல்லையுண்டு. தேவையற்ற விளக்கங்கள் பெருகினால், இன்றியமையா எச்சரிக்கை அவற்றுள் புதைந்துபோகும்.

மூன்றாவது மாறுகொளக் கூறல். ஓரிடத்தில் நாளை முதலிலும், மற்றோரிடத்தில் மாதத்தை முதலிலும் எழுதுமாறு கையேடு கூறினால், 05-06 என்பது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம். மே 6 ஆகவும் இருக்கலாம்.

நான்காவது மயங்க வைத்தல். உலாவிக் கருவிகள் சிலவற்றில் ‘நிரப்புதல்’ என்பது கட்டத்தில் இருப்பதை நீக்கிவிட்டுப் புதியதை இடும். ‘தட்டுதல்’ என்பது இருப்பதை நீக்காமல் அதனோடு சேர்க்கும். இவ்வேறுபாட்டைக் கையேடு விளக்காவிட்டால், ஏற்கெனவே 1 என்றிருக்கும் கட்டத்தில் முகவர் 2 எனத் தட்டும். இருவருக்கான சீட்டு பன்னிருவருக்கானதாக மாறிவிடக்கூடும்.

பெயரில்லாப் பொத்தான்

முகவர்கள் பலவும் இணையப்பக்கத்தைப் படமாக மட்டும் பார்ப்பதில்லை. பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களுக்கென உலாவி தரும் அமைப்பையும் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வோர் உறுப்பும் தன் வகையோடும் பெயரோடும் இடம்பெறும்: ‘பொத்தான் – பதிவு செய்க’ என்பதுபோல. பெயரிடாமல் வெறும் படமாக வைத்த பொத்தானின் பயனைப் பார்வையற்றவரும் அறிய இயலாது. அவ்வமைப்பை மட்டும் நம்பும் முகவரும் அறிய இயலாது. தமிழ் இணையப்பக்கங்களில் உறுப்புகளுக்குத் தமிழில் முறையாகப் பெயரிடுவது, மனிதர், இயந்திரம் ஆகிய இரு சாரார்க்கும் வழிகாட்டும்.

எல்லையை எழுதுதல்

நல்ல கையேடு, கருவி செய்யக்கூடியதையும் செய்ய இயலாததையும் செய்யக்கூடாததையும் பிரித்துரைக்கும். பக்கத்தில் காணும் எழுத்து செய்தியே அன்றிக் கட்டளை அன்று என்பதை அது தெளிவுபடுத்த வேண்டும். ஏனெனில், ‘முந்தைய பணியை விடுத்து இதனைச் செய்க’ என்று தீயோர் பக்கத்தினுள் மறைத்து எழுதக்கூடும். பணம் செலுத்துதல், அழித்தல், பிறர்க்கு மடல் அனுப்புதல் போன்றவற்றை உரியவரின் ஒப்புதலின்றிச் செய்யலாகாது என்றும் அது வரையறுக்க வேண்டும். எனினும், எழுதிய எச்சரிக்கையை முகவர் எப்போதும் பின்பற்றும் என்பதற்கு உறுதியில்லை. எனவே, ஒப்புதல் பெறும் தடையைக் கருவிக்குள்ளேயே அமைப்பதும் தேவையாகிறது.

நிரல் எழுதத் தெரிந்தவர் கருவியை உருவாக்குவார். அது பிறர் பணத்தையும் உரிமையையும் காக்குமாறு இயங்க, ஐயத்திற்கு இடமின்றி எழுதத் தெரிந்தவரும் வேண்டும். இலக்கண வகுப்பில் பயிலும் சொல்நேர்மை, கணினித் துறையிலும் தேவைப்படும் திறனாகும்.